ஐம்பது யூரோ நோட்டில் குங்குமம்

இன்று மத்தியானம் டவுணில், வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் சாத்தான்குளத்துப் பெண் ஒருவர். முப்பது வயதிருக்கும். ஓர் ஐம்பது யூரோ நோட்டை நீட்டினார்.

கடைக்கார அண்ணாச்சி நோட்டின் ஓரத்தை விரலால் தடவினார். வெளிச்சத்தில் பிடித்தார், உள்ளே மறைந்திருந்த முகம் தெரிந்தது. சாய்த்தார், பச்சை எண் நீலமானது.

"அசல்தான் தாயி. ஆனா மூலையில செவப்புக் கறை இருக்கே. யூரோ நாட்டுல களவாணிப்பய பணப்பெட்டிய ஒடச்சா நோட்டு மேல சாயம் பீச்சிரும். கறை பட்டிருந்தா களவு நோட்டுன்னு வாங்க மாட்டாவ."

"அது குங்குமம் அண்ணாச்சி. கப்பல் வேலைக்குப் போயி அவுக மொத மொதல்ல கொண்டாந்த நோட்டு. சாமி படத்துக்கிட்ட வச்சி, வெள்ளிக்கிழமைதோறும் நாந்தான் பொட்டு வச்சேன். போன மாசம் அவுக பொணமாத்தான் வந்தாவ. இத விட்டா கையில வேற இல்ல."

அண்ணாச்சி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் அங்கேயே நின்று முந்தானையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கறை போகவில்லை.

நோட்டிலிருந்து குங்குமத்தை எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் நெற்றியில் இருந்ததை ஒரே நாளில் துடைத்தெடுத்த ஊருக்குத் தெரியாமலா இருக்கும்?