அவன் கையை எடுக்கச் சொல்லு

அப்பா இறந்த அன்று ஆஸ்பத்திரியில் அம்மா அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த என் தம்பியிடம் நேராகப் போனாள். அவன் முழங்கையில் ஒரு கட்டு. சட்டையில் இருந்த ரத்தமெல்லாம் அப்பாவுடையது. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒனக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

அவனிடம் அவள் நேரடியாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தாள்.

அன்று காலை கரிவலம்வந்தநல்லூரில் அம்மாவின் சொந்தத்தில் ஒரு புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. அப்பாவுக்கு முந்தின நாளே காய்ச்சல். "என்னால முடியல, பயல மட்டும் அனுப்பு" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். அம்மா விடவில்லை. "நம்ம மக கல்யாணத்துக்கு அவுக குடும்பத்தோட வந்து நின்னாவல்லா? நீங்க போகலன்னா என்னத் தான் பேசுவாவ. பைக்குல போயிட்டு வந்தா ஒடம்பு கரைஞ்சா போயிரும்?" என்று சட்டையை எடுத்து அவர் மேல் போட்டாள். திருவேங்கடத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்த நான் பிரசவத்துக்காகச் சங்கரன்கோவில் வந்திருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தோசை தின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது தூறல். வயலிலிருந்து ஏறிய டிராக்டர் கரிசல் சேற்றை ரோட்டில் உதறிவிட்டுப் போயிருந்தது. மழை பட்டால் அந்தச் சேறு சோப்பு மாதிரி வழுக்கும். பைக் சறுக்கியது. பின்னால் இருந்த அப்பா மல்லாக்க விழுந்தார். தம்பி ஹெல்மெட் போட்டிருந்தான், அப்பா போடவில்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா இதைச் சொன்னாள். தம்பி அதே அறையில் இருக்கும்போது சொன்னாள். காய்ச்சலோடு அவரைக் கிளப்பி அனுப்பியது யார் என்று மட்டும் சொல்லவில்லை. தம்பியும் சொல்லவில்லை.

பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "சாப்பிட வரச் சொல்லு." "தறிக்குப் பாவு நூலு வந்திருக்குன்னு சொல்லு." அவன் கை எட்டும் தூரத்தில் நிற்பான். நான் வாயைத் திறப்பதற்குள் "சரிக்கா" என்பான். பதினாறாம் நாள் கழிந்தால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். கழிந்தது. அடங்கவில்லை.

தம்பி தூங்குவதை நிறுத்தினான். தெருவில் நடக்கும்போது நாலெட்டுக்கு ஒருதரம் திரும்பிப் பார்ப்பான். என்னலே என்று கேட்டதற்கு, "அப்பா பின்னால இருக்காவளான்னு பாக்கேன்" என்றான். ரதவீதியில் பையன்கள் அவன் பின்னால் போய் அதே மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டை ஒட்டி எங்களுக்கு நாலு விசைத்தறி. சத்தம் நின்றால் அப்பா தலை ரோட்டில் மோதின சத்தம் கேட்கிறது என்று பாவு இல்லாமலே தறியை ஓட்டினான். நெய்ய நூல் இல்லை, நூலைக் கொண்டோடும் நாடாக் கட்டை மட்டும் இங்கும் அங்கும் போய்வந்தது. அவன் காதைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் குந்தியிருப்பான்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் வாசற்படியில் நின்றபடி எட்டிப் பார்த்தான். கழுவிய கையைத் திரும்பவும் சட்டையில் துடைத்தான். நான் பிள்ளையைத் தூக்கி நீட்டப் போனேன்.

"அவன் கையில குடுக்காத" என்றாள் அம்மா. "அவன்கூடப் போனது திரும்பி வராது."

அவன் கையை மடக்கிக்கொண்டு தறிக்குப் போய்விட்டான்.

மாமா, அம்மாவின் அண்ணன், அவனைக் கோவிலுக்கு அழைத்துப்போய் கோமதியம்மன் சன்னதியில், புத்தி பேதலித்தவர்களை உட்காரவைக்கும் அந்தச் சக்கரக் குழியில் உட்காரவைத்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டம். எங்களிடம் சேலை எடுக்கும் வியாபாரிகள்கூட நின்று பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா வரவில்லை. "நல்லாயிட்டானா?" என்று யாராவது கேட்டால், "அவனுக்கு என்ன கேடு? போனது நானும் அவுகளும்தான்" என்பாள்.

கடைசியில் நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். மனநல டாக்டர் நிதானமாகக் கேட்டார். பெரிய இழப்புக்குப் பிறகு இப்படி வரும், குணமாக்கிவிடலாம், மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்றார். "வீட்ல ஆதரவா இருக்காங்களா?" என்று கேட்டார். தம்பி முந்திக்கொண்டு, "இருக்காவ சார்" என்றான்.

மாத்திரை வேலை செய்தது. அவன் தூங்கினான். வெகுநாள் கழித்து ஒரு மதியம் அவன் குறட்டை விடும் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா வந்து அவன் தலைமாட்டில் நின்றாள்.

"அவுக மண்ணுக்குள்ள கெடக்காவ. இவனுக்கு மெத்தையில தூக்கமாக்கும்" என்றாள்.

கொஞ்ச நாளில் அவன் மறுபடியும் தூங்காமல் ஆனான். மாத்திரை அட்டையில் நாள்தோறும் குறைந்துகொண்டுதான் வந்தது. விழுங்கினாயா என்றால், "தட்டுல இருந்தத முழுங்கினேங்கா" என்றான். சாப்பாட்டுத் தட்டோரத்தில் மாத்திரையை எடுத்து வைப்பது அம்மா. அவளாகக் கேட்டு ஏற்றுக்கொண்ட வேலை. மனது இளகிவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டிருந்தேன். குளியலறையில் தண்ணீர் போகாமல் நின்றபோது சல்லடையைத் தூக்கினேன். ஊறிப் பருத்த மாத்திரைகள், முடியோடு சேர்ந்து அடைத்திருந்தன. தட்டில் அவள் வைத்தது பிரசவத்துக்காக எனக்குக் கொடுத்த சத்து மாத்திரையின் மிச்சம்.

உள்ளங்கையில் அள்ளிக்கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டினேன். அவள் மறுக்கவில்லை.

"ஆமா, நான்தான். மாத்திரையப் போட்டா மறந்திருவாம்லா? அவன் மறக்கக் கூடாது."

"பைத்தியம் புடிச்சாலும் பரவாயில்லையா?"

"புடிக்கட்டும். எனக்கு மாத்திரை யாரு தாரா?"

அத்தனை மாதம் அந்த வீட்டில் யாரும் சொல்லாததைச் சொல்ல வாயைத் திறந்தேன். "காய்ச்சல்ல கெடந்த மனுசன எழுப்பி அனுப்பி வச்சது..."

முடிக்கவில்லை. தறியிலிருந்து தம்பி எப்போது வந்தான் என்று தெரியாது. பின்னாலிருந்து என் வாயைப் பொத்தினான். எண்ணெய்ப் பிசுக்கான கை. பல் உதட்டில் குத்தியது. "வேண்டாங்கா, அதச் சொல்லாத, அதச் சொல்லாதக்கா" என்று என் காதில் கெஞ்சினான்.

அம்மா அவனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தையே பார்த்தாள். ஏதாவது சொல்லப் போகிறாள் என்று அவனும் எதிர்பார்த்திருக்க வேண்டும்; என் வாய் மேலிருந்த பிடி தளர்ந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவன் கையை எடுக்கச் சொல்லு" என்றாள்.

அன்று சாயங்காலமே அவனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திருவேங்கடம் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல் பின்கட்டு அறையைக் காலி செய்து கொடுத்தார். மாத்திரையை நானே அவன் வாயில் போட்டேன். ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. திரும்பிப் பார்ப்பது நின்றது. கடையில் மூட்டை இறக்கினான், பிறகு வியாபாரமும் பார்த்தான். என் மகள் அவன் தோளில்தான் வளர்ந்தாள்.

அப்பாவின் திதிக்கு வருஷாவருஷம் போவான். அம்மா மாமா மகனை உட்காரவைத்துத் திதி கொடுப்பாள். தம்பி வாசலில் நிற்பான். எல்லோரும் சாப்பிட்டபின், "அந்தாளச் சாப்பிட்டுப் போகச் சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். அவன் இலையில் உட்கார்ந்து மீதம் வைக்காமல் சாப்பிடுவான். ஒருமுறை பஸ்ஸில், "இனிமே வராத" என்றேன். "சோறு போடுதாவல்லாக்கா" என்றான்.

அவளும் சீக்காளிதான். அப்பா படுத்திருந்த கட்டிலில் கடைசிவரை யாரையும் உட்காரவிடவில்லை. ஆனால் அப்பாவின் அந்தப் போர்வையைத் தொடமாட்டாள், பக்கத்தில் போனால் மூச்சு வாங்கும். டாக்டரிடம் போவோம் என்று கூப்பிட்டேன். "நான் என்ன அவனா?" என்றாள். அதற்குமேல் நானும் கூப்பிடவில்லை.

போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டாள். குளிப்பாட்டி முடித்ததும் மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அவன் கொள்ளி வைக்கக் கூடாதுன்னு எந்தங்கச்சி எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா" என்றார். கூட்டம் தம்பியைப் பார்த்தது. நான் சண்டைக்குப் போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா சொன்னபடியே செய்யுங்க மாமா" என்றான். மாமா மகன் சட்டையைக் கழற்றினான். தம்பி பாடையைத் தூக்க மட்டும் கேட்டான், அதற்கு யாரும் மறுக்கவில்லை.

காரியம் முடிந்து நாங்கள் வீட்டைப் பூட்டும்போது எதிர்வீட்டு மதினி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மகராசி. புருசனும் போயி, இப்படி ஒரு புத்தி சரியில்லாத பிள்ளையையும் வச்சிக்கிட்டு என்ன பாடு பட்டா! வேற ஒருத்தியா இருந்தா வெரட்டி விட்டிருப்பா."

நான் பதில் சொல்வதற்கு முன்னால் தம்பி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"ஆமா மதினி, ரொம்பப் பாடு பட்டுட்டாவ" என்றான்.