சௌகரியம் படித்த இமெல்டா

இமெல்டா என்ன வேலை செய்கிறாள் என்பது வெள்ளவத்தையில் அவள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. விளங்கப்படுத்த அவள் முயலாமல் இல்லை. "மனிசர் எப்ப சௌகரியமா இருக்கினம், எப்ப இல்லை எண்டதைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறன்" என்று எதிர்வீட்டு ஷிம்னாவிடம் ஒருமுறை லிஃப்டுக்குள் வைத்துச் சொன்னாள். ஷிம்னா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கும் சம்பளம் தாறாங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "டீச்சிங்" என்று சொல்லித் தப்பிவிடுவாள்.

தொடங்கியது துணியில். இளவயதில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எந்தத் துணி வியர்வையைச் சீக்கிரம் உறிஞ்சும், எது தோலில் உரசும் என்று பார்ப்பது. பிறகு படித்துப் பட்டம் பெற்று, கட்டடங்களுக்குள் வெக்கையும் புழுக்கமும் மனிதரை என்ன செய்கின்றன என்று ஆராயப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அங்கேதான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஒரே சௌகரியத்தை நாலு மூலைகளில் இருந்து நாலு கூட்டத்தார் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் திரும்பியும் பார்க்கவில்லை. துணிக்காரருக்கு அது தோல். கட்டடக்காரருக்குக் காற்று. கதிரை செய்கிறவர்களுக்கு முதுகு. தாதிமாருக்கு நோ, உடம்பு வலி. இவர்கள் எல்லோரையும் ஒரே அறைக்குள் இருத்த வேண்டும் என்பது இமெல்டாவின் ஆசை. அந்த ஆசையைச் சாப்பாட்டு மேசையின் மரக்கதிரையில் குனிந்திருந்து வருடக்கணக்காக எழுதியதில் அவளுடைய கழுத்து ஒரு பக்கம் திரும்பாமல் போனது. "என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று வைத்தியர் கேட்டபோது, வெட்கத்தில் அவரிடமும் "டீச்சிங்" என்றுதான் சொன்னாள்.

தாதியர் பக்கத்தில் இருந்து அவளோடு சேர்ந்தவள் ஹமீமா. தாதியருக்குப் படிப்பிக்கிறவள், அதிகம் பேசமாட்டாள். இரண்டு பேரும் முதலில் போனது புதுக்கடை நீதிமன்றத்துக்கு. வழக்குக்கு வந்து மர வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிறவர்களுக்கு வெக்கை, முதுகு நோ, கவலை எல்லாம் ஒன்றாகவே இருக்கும். நாலு கூட்டத்துக்கும் தீனி கிடைக்கும் என்பது இமெல்டாவின் கணக்கு. உலகம் முழுக்கப் பாவிக்கிற ஏழு படி அளவுகோலைத் தமிழாக்கிக் கொண்டு போயிருந்தாள். ஒரு முனையில் கடுங்குளிர், மறுமுனையில் கடும் வெக்கை, நடுவில் ஒன்றும் தோன்றாத நிலை.

"அம்மா, நீங்கள் வசதியா இருக்கிறீங்களா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "வசதியான ஆக்கள் ஏன் பிள்ளை இந்த வாங்கில வந்து குந்தப்போகினம்?"

அடுத்தவரிடம் "சுகமா இருக்கிறீங்களா?" என்று மாற்றிக் கேட்டாள். அவர் சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் என்று தொடங்கி, மச்சானுடைய ஈரல் வரை போனார். "சௌகரியமா?" என்று கேட்டதும், இன்சூரன்ஸ்காரி என்று நினைத்து ஒருவர் எழும்பிப் போனார். பலீல் என்ற கடை முதலாளி மட்டும் மரியாதையாக இருந்து பதில் சொன்னார். அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் வழிந்து நாடியில் இருந்து வியர்வை சொட்டியது. ஏழு படியில் எங்கே என்று கேட்டதற்கு, "அல்ஹம்துலில்லாஹ், நல்லம்" என்றார். வாங்கு எப்படி என்று கேட்டதற்கும் அதே பதில். வழக்கைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான்.

"அவர் நனைஞ்சுபோய் இருக்கிறார், ஹமீமா. நான் இதை எந்தப் படியில போடுறது?"

"மிஸ், அவர் ஒங்கட கேள்விக்குப் பதில் செல்லல்ல. ஒங்களுக்கு மரியாத செஞ்சாரு."

அது இமெல்டாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மரியாதைக்காகப் பொய் சொல்லாத ஒரு மனிதர் வேண்டும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள். அப்படி ஒருவர் வீட்டிலேயே இருப்பது ஞாபகம் வந்தது.

அவளுடைய கணவர் சவுந்தரநாயகம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்து, அதோடு வேலையை விட்டவர். மகள் கனடாவில். வீட்டில் இவர்கள் இருவரும்தான். பேப்பர் வாசிப்பதும் கடற்கரையோரம் நடப்பதுமாக இருந்த மனிதரை இமெல்டா ஆராய்ச்சிக்குள் இழுத்துவிட்டாள். அறையின் நாலு மூலையிலும் வெப்பமானி வைத்தாள். யன்னல் சீலையை மாற்றினாள். முதலில் பழைய மெத்தைக்கும், பிறகு ஒரு கம்பனி பரீட்சித்துப் பார்க்கத் தந்த புது மெத்தைக்கும் கீழே ஒரு பட்டியை விரித்தாள். படுத்திருப்பவர் புரள்வதையும் மூச்சு விடுவதையும் அது பதிந்து வைக்கும். விடிந்ததும் தேத்தண்ணிக்கு முன்னரே கேள்வி தொடங்கிவிடும்.

"கண் முழிச்சா 'குட் மோர்னிங்' எண்டு சொல்லும், இமெல்" என்று ஒருநாள் அவர் கெஞ்சினார். "'ரெண்டாம் படியோ மூண்டாம் படியோ' எண்டு கேக்காதையும்."

"ஒரு மாசம்தானே. பொறுங்கோவன்."

அவர் பொறுத்தார். பிறகு ஒரு ஞாயிறு, நகரின் மறுமுனையில் அக்கா இருக்கும் கொட்டாஞ்சேனைக்குப் பூசைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மத்தியானம் போன் வந்தது.

"கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டில இருக்கிறன்."

"ஏன்? இஞ்ச உங்களுக்கு என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை. எனக்குக் கொஞ்சம் நித்திரை கொள்ளவேணும்."

மனிதரின் சௌகரியத்தை ஆராய்கிறவளின் புருஷன் சௌகரியம் தேடி வீட்டை விட்டுப் போய்விட்டார். இதை வெளியில் சொல்ல முடியுமா? "அங்கிளைக் காணல்லியே, வெளிநாடா?" என்று ஷிம்னா கேட்டபோது இமெல்டா "ஓம்" என்று சொல்லி வைத்தாள். கொட்டாஞ்சேனையை அவள் நாடு கடத்தியது அப்படித்தான்.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் அவள் வருடக்கணக்காகக் கனவு கண்ட கருத்தரங்கும் வந்தது. துணி, கட்டடம், கதிரை, தாதி எல்லோரும் ஒரே ஹோட்டல் மண்டபத்தில். ஹோட்டல்காரர் ஏசியை எந்த வேகத்தில் விட்டார்களோ, காலை அமர்விலேயே பேராசிரியர்கள் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டார்கள். ஏசியைக் குறைக்கச் சொல்லி இமெல்டா ஆள் அனுப்பினாள். பொத்தான் வேறு மாடியில் இருப்பதாகப் பதில் வந்தது. நோ இல்லாமல் இருப்பதுதான் சௌகரியம் என்றார் ஒருவர். இல்லை, நோ போன பிறகும் மனிதனுக்கு இதமாக இராது, அது வேறு இது வேறு என்றார் கதிரைக்காரர். பல் கிடுகிடுக்க வாதித்தார்கள்.

இமெல்டா தன் வரைபடத்தைத் திரையில் காட்டினாள். பெயர் குறிப்பிடாத ஒருவர் பழைய மெத்தையில் ஓயாமல் புரண்டிருந்தார். புது மெத்தையில் கிட்டத்தட்ட அசையவே இல்லை. கோடு நேராகக் கிடந்தது. மெத்தைக் கம்பனிக்காரர் எழும்பி நின்று அதைப் படம் எடுத்தார்.

பின்வரிசையில் இருந்து ஒருவர் கை உயர்த்தினார். "கோடு பாதியில நிக்குதே, ஏன்?"

"பங்குபற்றியவர் விலகிவிட்டார்."

"காரணத்தைச் சொல்லலாமா?"

குளிரில் இமெல்டாவுக்குப் பொய் வரவில்லை. "அவர் தன்ர அக்கா வீட்டுக்குப் போயிட்டார்" என்றாள்.

மண்டபம் வயிறு குலுங்கச் சிரித்தது. அன்று முழுக்க அங்கே வந்த ஒரே சூடு அதுதான். இமெல்டாவும் சேர்ந்து சிரித்தாள், வேறென்ன செய்வது? ஹமீமா மட்டும் சிரிக்கவில்லை. இமெல்டா நாள்வாரியாக எடுத்த பதிவுகளை முன்னமே பார்த்திருந்தவள், சாப்பாட்டு நேரம் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மிஸ், புரளுறது மெத்தைக்குத் தேவ. மூச்சு எதுக்குப் பாத்தீங்க?"

"அந்தப் பட்டி தானாப் பதியும்."

"பதியும், சரி. நீங்க எதுக்கு ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாத்தீங்க?"

சோறு இமெல்டாவின் கையிலேயே நின்றது. பின்னேர அமர்வுக்கு அவள் இருக்கவில்லை. ஓட்டோக்காரர் "கொஹெத மிஸ்?" என்று, எங்கே போவதென்று சிங்களத்தில் கேட்டார். வீட்டைச் சொல்ல வாயெடுத்தவள், "கொட்டஹேனட்ட" என்று கொட்டாஞ்சேனையைச் சொன்னாள்.

மைத்துனி மெற்றில்டாவின் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. தகரக் கூரை. வாசலை உரசிக்கொண்டு லொறிகள் போகும். உள்ளே ரீவி அலறியது. மின்விசிறி கடக் கடக் என்று தலையை ஆட்டியது. அதற்குக் கீழே வலை அறுந்த ஒரு சாய்கதிரையில் சவுந்தரநாயகம் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இமெல்டாவின் கை தன்பாட்டில் பைக்குள் போய் வெப்பமானியை எடுத்தது. அவள் படித்த சூத்திரத்தின்படி, அந்த வெக்கையில் எந்த மனிதனும் கண்ணை மூட முடியாது.

"அது என்ன, பிரஷர் பாக்கிறதோ?" என்று கேட்டார் மெற்றில்டா.

"ஓம் அக்கா, அப்பிடித்தான்."

"தம்பி சொன்னவன், நீர் அவனுக்கு மெசின் பூட்டி வைச்சிருக்கிறீர் எண்டு. இரும், தேத்தண்ணி போடுறன்."

மெற்றில்டா குசினிக்குள் போனதும் இமெல்டா வெப்பமானியைப் பார்க்கவில்லை. கணவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"இஞ்சயும் கொண்டு வந்தனீரோ?" என்றார், அவளுடைய கையைப் பார்த்து.

"எனக்குப் பயமாயிருக்கு."

"என்னத்துக்கு?"

"நித்திரையில உங்கட மூச்சு நிண்டுபோயிடுமோ எண்டு. ஒபரேசன் முடிஞ்சு வந்த நாளில இருந்து பயம். ஆராய்ச்சி எண்டு சொன்னது அரைவாசி பொய்."

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"அது எனக்குத் தெரியும். முந்தி என்ர மூக்குக்குக் கிட்டக் கையை வைச்சுப் பாப்பீர். அப்ப நித்திரை மாதிரிக் கிடப்பன், கொஞ்ச நேரத்தில போயிடுவீர். பிறகு இந்த மெசின் வந்துது. நான் புரண்டா, விடிய அதைப் பாத்து உம்மட முகம் வாடிப்போகுது. அதால அசையாமல் கிடந்தனான்."

"அசையாமலோ?"

"மரக்கட்டை மாதிரி. விடியும்வரைக்கும்."

இமெல்டாவுக்குத் திரையில் நேராகக் கிடந்த கோடு கண்ணுக்குள் வந்தது. அதை எழும்பி நின்று படம் எடுத்த மெத்தைக்காரரும் வந்தார். புதுக்கடையில் பலீல் முதலாளி செய்த மரியாதையைத்தான் அவளுடைய சொந்தப் புருஷனும் இத்தனை நாளாகச் செய்திருக்கிறார். அழுகைதான் முதலில் வந்தது. அது பாதி வழியில் சிரிப்பாக மாறியது. தேத்தண்ணியோடு வந்த மெற்றில்டா இருவரையும் பார்த்துவிட்டு, ரீவியை நிறுத்தினார்.

அன்று பின்னேரம் இமெல்டா அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்போடு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த கிழமை சவுந்தரநாயகம் தன் பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தார். பட்டி அலுமாரிக்குள் போனது. பயம் அப்படிப் போய்விடவில்லை. சில நாட்களில் இமெல்டா இன்னமும் அவருடைய மூக்கருகே கையை வைத்துப் பார்ப்பாள். இப்போது அவர் நடிப்பதில்லை. "இருக்கிறன், நீர் படும்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் புரள்வார்.

கருத்தரங்குக் கட்டுரைகளைப் புத்தகமாக்குகிற நேரத்தில் இமெல்டா ஒரு திருத்தம் எழுத வேண்டியிருந்தது. மெத்தையைப் பற்றித் தான் சொன்ன முடிவு பிழை என்று அதில் ஒப்புக்கொண்டாள். மெத்தைக் கம்பனி அதன் பிறகு அவளுடைய போனை எடுக்கவில்லை. அச்சுக்கு அனுப்ப முன் சவுந்தரநாயகம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வாசித்தார். "பங்குபற்றியவரின் ஒத்துழைப்பின்மை காரணமாக" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இது சரியில்லை. என்னைப்போல ஆர் உமக்கு ஒத்துழைச்சது? ஒத்துழைப்புக் கூடிப்போனதால எண்டு போடும்."

இமெல்டா அப்படியே போட்டாள்.