வேங்கைக் கறை

குமாரபாளையத்துக் காவிரிக் கரையில் தீர்த்தகிரி ஆசாரியைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். நரைத்த தாடியும், மஞ்சளும் காவியும் திட்டுத்திட்டாகக் கலந்த வேட்டியும் அப்படி. பவானி கூடுதுறைக்குப் போகிற பண்டாரம் என்று நினைப்பு. காதிடுக்கில் செருகிய பென்சிலைப் பார்த்த பிறகுதான் கும்பிட்ட கை கீழே இறங்கும்.

அந்த வேட்டியை அவர் ஆசைப்பட்டுக் கட்டவில்லை. அது அவருக்கு விதித்த தண்டனை. அந்தக் கதையை அவர் மனைவி ஆராயியின் சாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மேட்டூரில் அணை கட்டிய பிறகு ஆறு தன் இஷ்டத்துக்கு ஓடுவதை விட்டுவிட்டது. தை மாதக் கடைசியில் மதகை அடைத்தால் வைகாசி முடிய, தண்ணீர் கற்படிகளை விட்டு இருபது முழம் விலகிப் போய்விடும். நடுவில் முழங்கால் சேறு. நெசவுக்காரர் வீட்டுப் பெண்களோ தினமும் நூல் அலசியாக வேண்டும். அதற்காகச் சேற்றுக்கு மேலே, ஒரு மடுவின் ஓரம்வரைக்கும் மாம்பலகை போட்டுக் கொடுத்தவர் தீர்த்தகிரிதான். 1936-ஆம் வருஷம் மாசி மாதம், கூலிக்கு நூல் அலசப் போன ஆராயியின் காலடியில் அந்தப் பலகை முறிந்தது. மேல்புறம் முகம் பார்க்கலாம் போலிருந்தது. அடிப்புறம் உளுத்துக் கிடந்திருக்கிறது. மடுவிலிருந்து அவளை எடுத்தபோது கையில் சுற்றிய நூல் அவிழாமலே இருந்தது.

அவர் அழுததாக யாரும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஆறு வகை மரத்தில் ஒவ்வொரு முழத் துண்டாக அறுத்தார். வேம்பு, வேலம், கருமருது, தேக்கு, வேங்கை, ஆச்சா. ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு ஆணி அடித்து, பாதி தண்ணீரிலும் பாதி வெயிலிலும் இருக்கும்படி ஆற்றோரத்தில் நட்டார். ஒரு வருஷம் தினமும் போய் வெறுங்காலால் மிதித்துப் பார்த்தார்.

"பொண்டாட்டி போனதுல ஆசாரிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றது ஊர்.

வருஷம் திரும்பியபோது அவருக்கு விடை கிடைத்திருந்தது. வேம்பின் விளிம்பு நைந்திருந்தது. வேலத்தைப் புழு துளைத்திருந்தது. கருமருது நீளவாக்கில் வெடித்து, காலைக் கிழிக்கும் சிராய் விட்டிருந்தது. தேக்கில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்த அகலத்துக்கும் நீளத்துக்கும் ரங்கூன் தேக்கு நெசவுக்காரர் துறைக்கு எங்கே வரப்போகிறது? ஆச்சா நட்ட அன்று இருந்தபடியே இருந்தது. ஆனால் அதில் ஆணி அடிப்பதற்குள் மூன்று ஆணி வளைந்துபோயிற்று. மிஞ்சியது வேங்கை. வெடிக்கவில்லை, உளுக்கவில்லை, ஈரத்திலும் காலைப் பிடித்துக்கொண்டது. முதல் சில நாள் அதைச் சுற்றித் தண்ணீர் செங்காவியாக ஓடியதை அவர் பார்க்கத்தான் செய்தார். மரம் தன் அழுக்கைக் கக்குகிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஊர்ப் பெரியதனக்காரர் கைலாச முதலியாரிடம் போய் நின்றார். "மரத்தை மட்டும் வாங்கிக் குடுங்க. எனக்குக் கூலி வேண்டாமுங்க. இனி ஒரு பொம்பளை அந்த மடுவுல விழக்கூடாது."

கைலாச முதலியார் மறுக்கவில்லை. பர்கூர் மலையிலிருந்து வேங்கை வந்தது. அடுத்த பங்குனியில் இருபது முழ நீளத்தில், ஆறு பெண்கள் வரிசையாக நின்று அலசும் அகலத்தில், பலகைத்துறை எழுந்தது. எருமை ஏறினாலும் அசையாது. தீர்த்தகிரி அன்று ஆராயி பெயரைச் சொல்லித் தேங்காய் உடைத்தார்.

மூன்றாம் நாள் நல்லம்மாள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தெருவில் அவளைவிட வெள்ளையாக நூல் வெளுப்பவர் இல்லை. அவளைவிடக் கூர்மையாகப் பேசுபவரும் இல்லை. கூடையிலிருந்த பதினெட்டு நூல் சிட்டங்களை அவர் காலடியில் கொட்டினாள். வெள்ளை நூலில் குறுக்கே குறுக்கே மஞ்சள் பட்டை.

"ஏனுங்க ஆசாரியாரே, நாங்க துறை கேட்டமா, சாயப்பட்டறை கேட்டமா?"

தீர்த்தகிரிக்கு முதலில் விளங்கவில்லை.

"அலசி எடுத்த ஈரநூலை உங்க பலகை மேல ஒரு நாழி வெச்சனுங்க. பாருங்க லட்சணத்தை! ஏழு தடவை அலசிட்டேன், போவமாட்டேங்குது."

அவர் சிட்டத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். வேங்கைப் பால். ஒரு வருஷம் காலால் சோதித்தார், ஆணியால் சோதித்தார், வெயிலால் சோதித்தார். நூலால் சோதிக்கவில்லை. ஓடுகிற ஆறு கறையை அன்றன்றைக்கே அடித்துக்கொண்டு போனதால், கண்ணெதிரே நடந்தது கருத்தில் ஏறவில்லை. பெண்கள் அங்கே விழாமல் நிற்க வேண்டும் என்று நினைத்தவர், அவர்கள் எதற்காக அங்கே நிற்கிறார்கள் என்பதை மறந்துபோனார்.

மாரியம்மன் கோயில் முன் ஊர் கூடியது. பலர் துறையைப் பிடுங்கி எறியச் சொன்னார்கள். பழையபடி நாலு மாம்பலகை போதும் என்று ஒரு குரல் கேட்டது. தீர்த்தகிரியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"மாம்பலகை வேண்டாமுங்க" என்றார்.

கூட்டம் சற்று அடங்கியது. நல்லம்மாள் முன்னால் வந்தாள்.

"தூணு இருக்கட்டும், மேல்பலகையை மாத்தட்டும். ஆனா எந்நூலு பதினெட்டுச் சிட்டம் பாழு. அதுல ஆசாரியாருக்கே ஒரு வேட்டி நெய்ஞ்சு தாரேன். அதைக் கட்டிக்கிட்டே திரியட்டும். பாக்கறவங்க கேக்கட்டும், இவரு சொல்லட்டும்."

கூட்டம் சிரித்தது. தீர்த்தகிரி சிரிக்கவில்லை. "ஆயுசுக்கும் கட்டிக்கறேனுங்க" என்றார்.

"மேட்டூர்ல மதகு திறக்கறதுக்குள்ள பலகை மாறோணும்" என்று முடித்தார் கைலாச முதலியார். "இல்லீன்னா தூணும் இருக்காது, ஆசாரியாரே."

இரண்டு மாதம்கூட இல்லை. தீர்த்தகிரி சோதித்த பழைய துண்டுகளைத் தூக்கிக்கொண்டு நல்லம்மாள் வீட்டுக்குப் போனார்.

"ஒரு வருசம் ஆத்துல ஊறினதை வெச்சு என்னத்தைப் பாக்கறது?" என்று வாசலிலேயே திருப்பினாள். "இப்ப அறுத்த துண்டாக் கொண்டாங்க."

புதுத்துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஈரமான வெள்ளை நூலை வைத்து அவள் வெயிலில் காத்திருந்தாள். தேக்கும் லேசாகப் பழுப்பு விட்டது. கருமருது ஆணியைச் சுற்றி மையாகக் கறுத்தது. ஆச்சா முதல் நாள் கொஞ்சம் கசிந்தது. நன்றாக ஊறவைத்துக் கழுவிய பிறகு, மூன்றாம் நாள் வைத்த நூல் வெள்ளை மாறாமல் இருந்தது.

"இதுதாங்க" என்றாள்.

அறுக்க வந்த காளியண்ணன் இரண்டாம் நாளே ரம்பத்தைக் கீழே போட்டான். "இது மரமில்லீங்க, இரும்பு. பல்லெல்லாம் போச்சு, எனக்கும் ரம்பத்துக்கும்." காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை நிறுத்திவைத்தார். ஆணி இறங்காது என்பதால் ஒவ்வொரு பலகையிலும் துரப்பணத்தால் துளையிட்டு, மரையாணி முடுக்கினார். கொப்புளம் உடைந்து கைப்பிடியில் ரத்தம் பிசுபிசுத்தது. அறுத்த பலகைகளை மடுவில் ஊறப்போட்டுத் தேய்த்தார். ஆராயி விழுந்த அதே மடுவின் ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு பலகையின் அடிப்புறத்தையும் தடவிப் பார்த்தார். மேல்புறத்தை அவர் அதற்குப் பிறகு என்றுமே நம்பியதில்லை.

மதகு திறக்க இரண்டு நாள் இருக்கும்போது கடைசிப் பலகையை முடுக்கினார். உச்சிப்பொழுதில் நல்லம்மாள் ஆறு பெண்களோடு வந்தாள். வெளுத்த ஈரச் சிட்டங்களைத் துறை முழுக்கப் பரப்பினாள். ஒரு நாழிகை அவற்றை அப்படியே விட்டாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை.

மடுவின் ஓரத்துக்குப் போய், கடைசிப் பலகையில் இரண்டு தரம் ஓங்கி மிதித்தாள். கல்லில் மிதித்த சத்தம். தீர்த்தகிரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதே வேகத்தில் அவள் துள்ளிக் குதித்தாள். "அய்யய்யோ, கால் சுடுதுங்க ஆசாரியாரே! அடுப்பு மேல நிக்க வெச்சுட்டீங்களே! இதுக்கு வேங்கையே தேவலை!"

"ஆறு பக்கத்துலதானுங்க இருக்குது" என்றார் தீர்த்தகிரி. "மொண்டு ஊத்திக்கோங்க."

ஆராயி போனபிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சொன்ன வாக்கை நல்லம்மாளும் மறக்கவில்லை. கூடையின் அடியிலிருந்து மடித்த வேட்டியை எடுத்து நீட்டினாள். அங்கேயே, உடுத்தியிருந்ததன் மேலேயே அதைச் சுற்றிக்கொண்டார்.

யுத்தம் வந்து ரங்கூன் தேக்கு நின்றுபோன வருஷங்களில், பாலத்துக்கும் படகுத்துறைக்கும் எந்த மரம் நல்லது என்று கேட்டு வெளியூர்க்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் மரத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "பலகை மேல யாரு நிப்பாங்க? என்னத்தை வெப்பாங்க?" பிறகு, அவர்கள் கேட்காமலே தன் வேட்டியின் கதையைச் சொல்வார்.

துறையில் கோடை முழுவதும், உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால், ஒரு குடம் தண்ணீரோடு அவர் வந்துவிடுவார். முதல் பலகையிலிருந்து மடுவின் ஓரம்வரை ஊற்றிக்கொண்டே போவார். வேட்டி ஈரத்தில் காலோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை துவைத்தும் அதன் கறை ஓர் இழைகூட வெளிறவில்லை.