தவறிட்டாக

சின்னமனூர் வாழைத்தார் மண்டியில் கணக்கெழுதும் வைகுண்டராஜுக்கு ஒரு சொல் பிசகினால் சோறு இறங்காது. சுவரொட்டியில் ஒற்று விடுபட்டிருந்தால் பைக்கை நிறுத்திவிட்டு நின்று படிப்பார். டீக்கடையில் ‘சுவற்றில் எழுதாதே’ என்றிருந்ததை, ‘சுவரில்’ என்று கடைக்காரர் மாற்றி எழுதும்வரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடும் வாசகர் வட்டத்தில் கதையைப் பற்றிப் பேச எழுந்து, அதிலுள்ள பிழைகளைச் சொல்லி உட்காருவார். வட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. யார் எதை எழுதினாலும் கீழே அவருடைய திருத்தம் வந்துவிடும். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். அதை அவர் கவனிக்கவில்லை.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, மண்டியில் லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம், குழுவில் ஒரு வரி வந்தது. வட்டத்துக்குத் தொடர்ந்து வரும் ஹேமாவதி எழுதியிருந்தார்: ‘எங்கய்யா இன்னைக்குக் காலைல தவறிட்டாக.’

வைகுண்டராஜின் கண்ணில் பட்டது சொல்தான், சேதி அல்ல. ‘தவறு என்றால் பிழை. காலமானார் என்பதே நல்ல தமிழ்’ என்று தட்டி அனுப்பிவிட்டு, கேரளா லாரிக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார். பாதி எழுதியபோதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு அப்பா செத்துப்போயிருக்கிறார். பதறிப்போய் போனை எடுத்து, எழுதியதை அழித்தார். திரையில் இப்போது அது இல்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மாலை வாங்கிக்கொண்டு குச்சனூருக்குப் புறப்பட்டார்.

வழியெல்லாம் அந்தச் சொல்லே ஓடியது. பஸ் தவறிவிட்டது என்கிறோம். கை தவறி விழுந்தது என்கிறோம். பிடித்துக்கொண்டிருந்தது நழுவிப்போவதும் தவறுவதுதானே? அப்பனைப் பறிகொடுத்தவளுக்கு இதைவிட நல்ல சொல் எது? அவருடைய திருத்தமே தப்பு. அந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளும் உண்டென்று அவருக்கு முன்பே தெரியும் என்பதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

பந்தலடியில் ஹேமாவதியின் தம்பி விஜய்பாண்டி நின்றிருந்தார். கும்பிட்ட கையைத் தாழ்த்தாமலே கேட்டார்.

“காலமானாகன்னு எழுதணுமாம்ல சார்? எங்கக்காவுக்கு அம்புட்டுத் தமிழ் தெரியாது.”

“தம்பி, அத அப்பவே அழிச்சிட்டேன்...”

விஜய்பாண்டி தன் போனை நீட்டினார். எழுதியது அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஆளாளுக்கு இரங்கல் சொல்லியிருந்தார்கள். வைகுண்டராஜ் தன் போனில் மட்டும்தான் அழித்திருக்கிறார்.

சத்தம் கேட்டு ஹேமாவதி வெளியே வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

“வந்துட்டீகளாண்ணே.”

“ஹேமா, நான் எழுதுனது...”

“அது கெடக்கட்டும்ணே. உள்ள வந்து அய்யாவப் பாருங்க.”

நாலைந்து நாள் கழித்து, கருமாதி சுவரொட்டிக்கான வாசகத்தை அவருக்குத் தனியாக அனுப்பினார் ஹேமாவதி. ‘பிரிண்டுக்குப் போகுதுண்ணே. ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க.’

கடைசி வரியில் ‘பிராத்திக்கிறோம்’ என்றிருந்தது. ‘ர்’ விடுபட்டிருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எழுதினார், அழித்தார். திரும்பவும் எழுதி அழித்தார். அந்தப் பெண்ணின் துக்கத்தில் இன்னொரு தடவை கை வைப்பதா? ‘நல்லா இருக்கும்மா’ என்று அனுப்பிவிட்டார்.

குச்சனூரிலும் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டினார்கள். சொந்தக்காரப் பையன் எவனோ அந்த வரியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் கேலியாகப் போட, ஹேமாவதி போன் செய்தார்.

“அண்ணே, அது ஒங்க கண்ணுல படலையா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பட்டுச்சும்மா.”

“பெறகு ஏன் சொல்லல?”

“சொல்ல மொகமில்ல ஹேமா.”

ஹேமாவதியின் குரல் உடைந்து வந்தது. “சொல்லக் கூடாத அன்னைக்குச் சொன்னீக. நானாக் கேட்ட அன்னைக்கு வாய மூடிக்கிட்டீக. ரெண்டு தடவையும் ஒங்களத்தேன் பாத்துக்கிட்டீக. எங்கய்யாவ எங்கிட்டுப் பாத்தீக?”

வைகுண்டராஜ் கருமாதிக்குப் போனார். கடைசிப் பந்தியில் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டார். குழுவிலிருந்து விலகிவிடலாமா என்று நினைத்தார். அதுவும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையாகப் பட்டது, விலகவில்லை. யாராவது கேட்டால் ஒழிய, யார் எழுத்தையும் தொடுவதில்லை.

இந்த ஐப்பசியில் முதலாண்டு நினைவஞ்சலி வாசகம் ஹேமாவதியிடமிருந்து வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. வைகுண்டராஜ் இரண்டு மூன்று தரம் படித்தார். போன் செய்து, திருத்த வேண்டிய இரண்டு இடத்தைச் சொன்னார்.

“சரிண்ணே, மாத்திடுறேன்” என்றார் ஹேமாவதி. அவ்வளவுதான்.

பேச்சு முடிந்த பிறகும் வைகுண்டராஜ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. காது மடல் சுட்டது.