ஜமால் சொல்லாமல் விட்ட நான்கு

ஜமால் இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து குமரன் பேசினான். "தெரேஸ், நம்ம ஜமால் போயிட்டான். ஹார்ட் அட்டாக்." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். வரும் ஞாயிற்றுக்கிழமை புதுப் பாட்டு ஒன்றை எடுப்பதாக இருந்தோம். அதற்குள் இவனுக்கு என்ன அவசரம் என்று மீன்காரம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அவனைத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர். குமரன் கிட்டார். நான் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவேன். ஜமால் டிரம்ஸ். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்த்த பட்டறைதான் எங்கள் ஒத்திகை இடம். ஞாயிற்றுக்கிழமை அங்கே இயந்திரங்கள் ஓடாது. பக்கத்துப் பட்டறையில் மட்டும் அன்றைக்கும் வெல்டிங் நடக்கும். அந்தச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தித்தான் எனக்கு இந்தக் குரல் வந்தது. குழுவுக்கும் 'வெல்டிங்' என்றே பெயர் வைத்தோம். ராக் பாட்டெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், உங்களுக்கு எதற்கு என்று கேட்காதவர்கள் இந்த ஊரில் குறைவு. கேட்டவர்கள் எல்லோரையும் ஜமால் ஒத்திகைக்குக் கூப்பிடுவான். பாதிப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டைத் தொடங்கும் முன் டிரம்மர் நான்குவரை எண்ணுவது உலக வழக்கம். ஜமால் பிரெஞ்சில் எண்ணுவான். அவன் அப்பா துணிக்கடையில் துணி அளக்கும்போது அப்படித்தான் எண்ணுவாராம். "அன், தெ, த்ருவா." மூன்றோடு நிறுத்திவிடுவான். நான்கு வரவேண்டிய இடத்தில் நாங்கள் மூவரும் ஒன்றாகப் பாட்டுக்குள் விழ வேண்டும். எங்கள் வீட்டில் பிரெஞ்சு புழங்கும், நான்குக்கான சொல்லை நான் சொல்லித் தருகிறேன் என்றேன். "எதுக்கு? நாலுல நீங்க வந்து நிக்கணும். அதையும் நானே சொல்லிட்டா அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?" என்றான். வெளியூரிலிருந்து எங்களோடு வாசிக்க வந்த பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அந்த இடத்தில் இடறினார்கள். நாங்கள் ஒருநாளும் இடறியதில்லை.

ஆரம்ப நாட்களிலேயே பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் இயந்திரம் அவன் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. வேறு ஆளைப் பாருங்கள் என்று விழா நடத்துகிறவர்கள் எங்களிடம் சொன்னார்கள். கட்டுப் பிரித்த வாரமே அவன் பட்டறைக்கு வந்து, சைக்கிள் டியூபைக் கீறி எடுத்துக் குச்சியைக் கையோடு சேர்த்துக் கட்டினான். குமரன் கண்கலங்கிவிட்டான். "ஏன்டா அழுவுற? போனது கடைசி ரெண்டு வெரலு. அதுங்க என்னைக்குடா வாசிச்சிச்சி? சும்மா ஓசியில ஒக்காந்திருந்திச்சிங்க" என்றான் ஜமால். அந்த வருடம் நாங்கள் ஏறாத மேடை இல்லை.

ஜமால் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, எங்கள் ஆரம்ப காலத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஓர் இளம் இயக்குநர் வந்தார், எங்கள் ஒத்திகைகளையும் படம்பிடித்தார். ஜமாலுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குக் கூட்டிப்போய் பிரியாணி போட்டான். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான். "தம்பி, என்னைப் பாவமா மட்டும் காட்டிடாதீங்க." இயக்குநர் தலையாட்டினார்.

ஜமாலை அடக்கம் செய்த சில வாரங்களில் அவர் திரும்ப வந்தார். படத்துக்கு இப்போதுதான் ஒரு முடிவு கிடைத்திருக்கிறது என்று சொல்லி எனக்கும் குமரனுக்கும் போட்டுக் காட்டினார். ஜமால் கரையில் தனியாக நின்று கடலைப் பார்க்கிறான். பின்னால் வயலின் அழுகிறது. அந்த வெட்டுப்பட்ட கை பெரிதாகத் திரையை நிறைக்கிறது. அது எடுக்கப்பட்ட நாளில் நானும் அங்கே இருந்தேன். நண்டு வருகிற படகு எது என்றுதான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதைவிட மோசம், எல்லாப் பாட்டுகளும் கிட்டாரில் தொடங்கின. அவன் எண்ணுவது ஒரு பாட்டிலும் இல்லை.

"அது வெறும் சத்தம் மேடம். க்ளீன் பண்ணிட்டோம்" என்றார் இயக்குநர். நான் அதே கரையில் உட்கார்ந்து அவனை நினைத்து அழுவதுபோல் ஒரு காட்சியும் வேண்டுமாம். செத்தவன் வாயை இரண்டாம் முறை மூடுவதற்கு நீங்கள் யார் என்று கேட்டேன். குமரன், அதிர்ந்து பேசாதவன், "அவன் எண்ணாத பாட்டு எங்க பாட்டு இல்ல சார். எங்க பாட்டு இல்லாம படம் எடுத்துக்குங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பட்டறைக்கு வரச்சொன்னோம். டிரம்ஸைத் துணி போட்டு மூடாமல் அப்படியே விட்டிருந்தோம். எங்கள் முதல் பாட்டைத் தொடங்கினோம். குமரன் ஓர் இடத்தில் நுழைந்தான், நான் வேறோர் இடத்தில். மறுபடி முயன்றோம், மறுபடி மோதிக்கொண்டோம். முப்பது வருடமாக வாசிக்கிறோம், ஒரு பாட்டை ஆரம்பிக்கத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அவன் இல்லை என்பது அடக்கத்தின்போதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை.

இயக்குநர் லேப்டாப்பைத் திறந்தார். வெட்டி எறிந்த துண்டுகள் அதில் இருந்தன. வெல்டிங் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கேட்டது. "அன், தெ, த்ருவா." நாங்கள் இருவரும் சரியாக விழுந்தோம். பாட்டு முடிந்தபின் இயக்குநர், "அந்த வயலினையும் எடுத்துடறேன்" என்றார். படம் இங்கே நம் ஊரிலேயே திரையிடப்படுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஜமால் எண்ணுவான். கடற்கரைக் காட்சியில் நண்டு பற்றி அவன் கேட்பதும் இருக்கும். கைக்குட்டையோடு வர நினைக்கிறவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

லேப்டாப்பை மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு திரியும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இனி நான்தான் எண்ணுகிறேன். என் பிரெஞ்சு அவனுடையதைவிடச் சுத்தமானது, அதனாலேயே மட்டமாகக் கேட்கிறது என்கிறான் குமரன். இருக்கட்டும். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். எனக்கு நான்கு தெரியும், சொல்லவும் வரும். மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.