எங்கள் ஊர்ச் சூட்டை விற்காதீர்கள்

எங்கள் நகரத்தில் பனி கொட்டிக் கிடக்கும் காலையிலும் தெரு நடுவே ஒரு நீளக் கோடு மட்டும் வெறும் நிலமாகத் தெரியும். அங்கே புல் பச்சையாக இருக்கும். பூனைகள் வந்து படுத்திருக்கும். அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. நகரசபையின் கொதிகலன் நிலையத்திலிருந்து வீடு வீடாகச் சூடு போகிறது. சூட்டையும் ஊருக்குப் பொதுவாக வைத்திருக்கலாம் என்பது, ஒரு காலத்தில் கிழக்கு ஜேர்மனியாக இருந்த இந்தப் பக்கம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன மாரியில் எதிர்வீட்டு மோனிகா ஒரு தாளும் பேனையுமாக வந்து மணியடித்தாள். "விற்கப் போகிறார்கள். கையெழுத்துப் போடு" என்றாள்.

நான் கேட்டேன்: "வீட்டையா? நாங்கள் எப்போது காலி செய்ய வேண்டும்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நகரசபை விற்கப்போவது வீட்டையல்ல, கொதிகலன் நிலையத்தை. போதிய கையெழுத்துச் சேர்ந்தால் ஊரே வாக்களித்துத் தடுக்கலாமாம்.

பேனையை வாங்கினேன், கை எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில், ஒரு தாளில் பெயர் இருந்ததற்காகவே என் அண்ணாவை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர், தபால்காரன் நீட்டும் தாளுக்கும் பயந்தார். உள்ளேயிருந்து என் கணவர் தமிழில் சொன்னார்: "உமக்கேன் உந்த வேலை? நாளைக்குக் கந்தோரிலை ஒரு அந்திராக், விண்ணப்பம் குடுக்கப் போகேக்கை உந்தப் பேரைத்தான் பாப்பாங்கள்."

மோனிகாவுக்குத் தமிழ் விளங்காது, தயக்கம் விளங்கியது. "நான் வேலை செய்த நூற்பாலையை இப்படித்தான் விற்றார்கள்" என்றாள். "நாட்டைப் பிரித்த சுவர் விழுந்த கொஞ்ச நாளில். வாங்கியவர் எல்லோருக்கும் கை கொடுத்தார். அடுத்த கோடைக்குள் இயந்திரங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்களை ஒருவரும் கேட்கவில்லை."

எங்களையும்தான் எதற்கும் ஒருவரும் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டேன். கணவரிடம், "பாக்கட்டும். களவுக்கே கையெழுத்துப் போட்டனான்?" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் மோனிகாவும் மாடி மாடியாக ஏறினோம். மூன்றாம் மாடியில் ஒரு மனிதர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "உனக்கென்ன இதில்?" என்று கேட்டார்.

"எனக்கும் குளிர்கிறது" என்றேன்.

ஒரு கணம் முறைத்தார். பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் தாளை வாங்கிக் கதவிலேயே வைத்து எழுதினார். இறங்கும்போது படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். என் வயதுக்கு அது கூடாதுதான்.

வாக்கெடுப்பு ஆனியில் நடந்தது. கடவுச்சீட்டு மாறிப் பல வருடமாகியும் நான் வாக்குச்சாவடிக்குப் போனது அன்றுதான். மாலை நகரசபை மண்டபத்தில் முடிவை வாசித்தார்கள்: விற்பனை இல்லை! மோனிகா அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். மூன்றாம் மாடிக்காரர் மேசையில் தட்டித் தட்டி ஆர்ப்பரித்தார். என் கணவரும் கைதட்டிக்கொண்டு நின்றதைக் கண்டேன்.

யாழ்ப்பாணத்தில் முடிவுக்காகக் காத்திருந்த தங்கச்சிக்கு மண்டபத்தில் நின்றபடியே தொலைபேசி எடுத்தேன். "நாங்கள் வெண்டிட்டம்!" என்று கத்தினேன்.

"ஆர் அக்கா? எங்கட ஆக்களோ?"

மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். "ஓம்... எங்கட ஆக்கள்தான்."

"அங்க எங்கட ஆக்கள் அவ்வளவு பேர் இருக்கினமே?" என்று ஒரு காதில் அவள் வியந்தாள். மற்றக் காதில் மோனிகா, "நாம் வென்றோம் என்று சொல், சத்தமாகச் சொல்!" என்று ஜேர்மனில் கத்தினாள். நான் இருவருக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.