வியன்னாவில் நான் நேரம் தவறாத கதை

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. 'உடம்புக்கு ஏதாவதா?' என்று மூன்று வாசகர்கள் விசாரித்திருந்தார்கள். 'நிம்மதியாக இருந்தது' என்று ஒருவர். அவருக்கும் என் நன்றி!

உடம்புக்கு ஒன்றுமில்லை. வியன்னாவுக்குப் போயிருந்தேன்.

ஊர் திரும்பிய மறுநாளே பாத்ரூம் குழாய் ஒழுக ஆரம்பித்தது. வாஷர் வாங்க இரும்புலியூரில் ஏகாம்பரம் அண்ணன் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அவர் தாத்தா நெல் போட்ட இடத்தில் இன்று இவர் சிமென்ட் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"இன்னா சார், ஆளையே காணோம்? ஃபாரின்லாம் போய்கினு வந்தீங்களாமே. அங்க இன்னா கீது?"

"குளிர் இருக்குண்ணா."

"அதத்தான் டிவிலயே காட்றானே. போன காரியம் இன்னா ஆச்சு?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வாஷருடன் நழுவிவிட்டேன். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நாலு பேர் முன்னால் சொல்லக் கூசியதைத்தான் இப்போது உங்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லப் போகிறேன். பத்தி எழுதுகிறவனின் வெட்கம் அவ்வளவுதான்!

என் மகள் ஷீபா மூன்று வருஷமாக வியன்னாவில் இருக்கிறாள். ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. ஜனவரியில் ஒருநாள் போனில், "அப்பா, லூகாஸ்னு ஒருத்தர்… என்கூட வேலை செய்யறார்…" என்று இழுத்தாள். மகள்கள் இழுத்தால் அப்பாக்களுக்குப் புரிந்துவிடும். "அவங்க அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டேன். டிராம் ஓட்டி ரிட்டையர் ஆனவராம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன். "வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். சம்மதம் மாதிரியும் இருக்கும், மிரட்டல் மாதிரியும் இருக்கும் — எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் கடைசியில் நானும் என் மனைவி எஸ்தரும் கிளம்பினோம். அங்கே அப்போது வசந்த காலத்தின் ஆரம்பம் என்றார்கள். வசந்தமா? சாலையோரத்து மரம் ஒன்றிலும் இலையில்லை. "எல்லாம் பட்டுப்போச்சு போலிருக்கே" என்றேன். "துளிர்க்கப் போகுதுப்பா, கிட்டப்போய்ப் பாருங்க" என்றாள் ஷீபா. நான் கிட்டப் போகவில்லை.

வெயில் மட்டும் பளீரென்று அடித்தது. ஆனால் சுடவில்லை. காலண்டர் படத்தில் அடிக்கிற வெயில்! அந்த வெயிலுக்காகப் பார்க் பெஞ்சுகளில் ஆணும் பெண்ணும் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தை அண்ணாந்து காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நம் ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயிலைக் கண்டால் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறோமே… அதே சூரியன்தான்!

மூன்று நாள் ஷீபா எங்களை அரண்மனை, அருங்காட்சியகம், ஆறு என்று கூட்டிப்போனாள். நான் மங்கி குல்லாவுக்குள்ளிருந்து எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தேன். காபி கசக்கிறது. ரொட்டி கல். ஆறு… அடையாற்றைவிடச் சுத்தமாக இருந்தது, அதில் மட்டும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எஸ்தர் எச்சரித்தாள். "நீங்க மூஞ்சிய இப்படி வெச்சிக்கிட்டிருந்தா அந்தப் பையன் வீட்டுல பயந்துடுவாங்க."

"இதான் என் மூஞ்சி."

"முப்பது வருஷமா பார்க்கிறேன். இது இல்லை."

சனிக்கிழமை சாயங்காலம் ஷீபா எங்கள் வாடகை அறைக்கு வந்தாள். "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லூகாஸ் வீட்டுல சாப்பாடு. நான் ஒத்தாசைக்கு முன்னாடியே போயிடுவேன். நீங்க ரெண்டு பேரும் டிராம்ல வந்துடுங்க, கடைசி ஸ்டாப். அவங்கப்பா டைம் விஷயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட்…"

எனக்கே நேரத்தைப் பற்றிப் பாடமா? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தாம்பரத்தில் எட்டு ஆறு லோக்கல் ரயிலை முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட விடாதவன் நான். கல்யாண வீட்டுக்குப் பந்தல்காரருக்கு முன்னால் போய் நிற்கிறவன்.

"வரலைன்னா என்ன பண்ணுவாங்க?" என்றேன், வேண்டுமென்றே.

ஷீபா முகம் மாறிப்போனது. டிராம் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வழி வரைந்த காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். "இப்ப திருப்திதானா?" என்றாள் எஸ்தர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குளித்து, சட்டைக்குள் சட்டை போட்டு முடித்தபோது என் வாட்ச்சில் ஒன்பதரை. எஸ்தர் தன் போனைப் பார்த்து, "ஐயோ, பத்தரை ஆயிடுச்சுங்க!" என்றாள்.

"ஒன்பதரை."

"போன்ல பத்தரை காட்டுதே."

அந்தப் போன், நாங்கள் வந்திறங்கிய நாளில் அரை நாள் இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி நம்புவது? என் போனைப் பார்க்கலாம் என்றால், அது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. இருந்தது ஒரே அடாப்டர். அது ராத்திரி முழுக்க எஸ்தர் வசம். சுவரைக் காட்டினேன். அறையில் மாட்டியிருந்த கடிகாரத்திலும் ஒன்பதரை.

"பார்த்தியா? என் வாட்ச் ஒண்ணு, சுவர்க் கடிகாரம் ரெண்டு. உன் போன் ஒண்ணே ஒண்ணு. மெஜாரிட்டி யாருக்கு?"

எஸ்தர் சர்ச்சுக்குப் போகாத குறைக்கு அறையிலேயே பைபிளைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். நான் சாவகாசமாக ஷூவைத் துடைத்தேன். என் வாட்ச்சில் மணி பதினொன்று ஆனதும் கிளம்பினோம்.

தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. ஸ்டாப்புக்குப் போகிற வழியில் ஒரு சர்ச் கோபுரம். அதன் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியிருந்தது. எனக்கு ஏக சந்தோஷம். "பாரு எஸ்தர், இங்கேயும் மணிக்கூண்டு ரிப்பேர்! நம்ம ஊரை மட்டும் குறை சொல்றாங்க."

எஸ்தர் கோபுரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

கடைசி ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் இறங்கினோம். தொப்பி போட்ட ஓர் உயரமான பெரியவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வேகமாக வந்தார். மங்கி குல்லாவில் ஒருவர், புடவைமேல் ஸ்வெட்டரில் ஒருவர் — அடையாளம் கேட்க வேண்டுமா என்ன?

"ஃபிரான்ஸ்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். லூகாஸின் அப்பா. "வெல்கம், வெல்கம்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃப்ரீசரிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது அந்தக் கை. மூக்கு நுனியெல்லாம் சிவந்திருந்தது. ஒரு கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா, மனுஷன்?

நான் பெருமையாக வாட்ச்சை நீட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன்: "ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டோம்."

ஃபிரான்ஸ் என் வாட்ச்சைக் குனிந்து பார்த்தார். பதினொன்று ஐம்பத்தைந்து. பிறகு தன் சட்டைக் கையை விலக்கி, தன் வாட்ச்சின் திருகைப் பிடித்து முள்ளைப் பின்னால் சுற்றினார். என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தன் மணிக்கட்டை வைத்துக் காட்டினார். இரண்டிலும் பதினொன்று ஐம்பத்தைந்து. சிரித்தார்.

அடப்பாவமே, டிராம் ஓட்டினவர் வாட்ச்சே இந்த லட்சணமா? நல்லவேளை, நான் வந்து திருத்தினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மாடியில் வீடு. மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள் ஷீபா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்… எழுந்து, சின்ன வயதில் ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்டபோது அழுவாளே, அப்படி அழுதாள்.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேம்ப்பா."

"ஏம்மா? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே!"

"மணி ஒண்ணுப்பா!"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஊரில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு விடியற்காலையில் நாடு மொத்தமும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து விடுகிறதாம். கோடை வருகிறதாம், வெளிச்சத்தை வீணாக்கக் கூடாதாம். போன்கள் தாமே மாறிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் நாம்தான் மாற்ற வேண்டும். இதைச் சொல்லி சனிக்கிழமையே ஷீபா மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். யாருக்கு? வீட்டில் நேரத்துக்கு அதிகாரி யாரோ அவருக்கு. செத்துக் கிடந்த என் போனுக்கு.

"நான் பத்தரைன்னு சொன்னேன்ல?" என்றாள் எஸ்தர். குரலை உயர்த்தக்கூட இல்லை. இந்த வருஷம் முழுக்க அதை உயர்த்தாமலே சொல்லப் போகிறாள்.

பன்னிரண்டு மணியிலிருந்து ஷீபா எஸ்தர் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அறையின் வைஃபையை விட்டு வெளியே வந்தால் அந்தப் போன் பேசாது. பன்னிரண்டரைக்கு அவளுக்கு நிச்சயமாகிவிட்டது — அப்பா நேற்றுச் சொன்னதைச் செய்துவிட்டார்.

"ஃபிரான்ஸ் பன்னெண்டுக்குக் கால் மணி முன்னாடியே கீழே போனார்ப்பா. நான் ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். அவர் மேல வரலை. 'உங்க அப்பா எப்படியும் வருவார். புது ஊரு, ஸ்டாப்ல ஆள் இல்லைன்னா வழி தெரியாம திண்டாடுவார்'னு சொல்லிட்டு அங்கேயே நின்னார்."

எழுபது நிமிஷம். அந்தக் குளிரில். கையுறைகூட இல்லாமல்.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது, லேட்டாக வந்ததற்காக அல்ல. என் மகள் என்னைப் பற்றித் தவறாக நினைத்துவிட்டாளே என்று கோபப்படக்கூட எனக்கு அருகதை இல்லை. அவள் நினைத்ததில் பாதி உண்மை. முந்தின நாள் சாயங்காலம் அவள் போன பிறகு, தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று நான் நிஜமாகவே யோசித்தேன். என்னை அறியாத ஒரு டிராம் டிரைவர் நான் வருவேன் என்று நம்பி நின்றிருக்கிறார். என்னை அறிந்த மகள் நம்பவில்லை. இரண்டு பேரில் யார் கணக்கு சரி? ரொம்ப யோசிக்காதீர்கள்… என்னை அறிந்தவள் கணக்குத்தான்.

மற்றவர்கள் உள்ளே போனதும் படிக்கட்டிலேயே அதை அவளிடம் சொன்னேன். "நேத்து… தலைவலின்னு சொல்லிடலாமான்னு நெனச்சேம்மா."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"உங்களுக்கு எப்ப தலைவலி வரும்னு எனக்குத் தெரியாதா?" துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வந்துட்டீங்கல்ல. உள்ள வாங்க, சூப் ஆறிடுச்சு."

லூகாஸின் அம்மா ஹெல்கா சூப்பை மூன்றாவது முறையாகச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். பச்சை நிற சூப். வசந்தம் தொடங்கும்போது காட்டில் முளைக்கிற ஒரு கீரையாம், நேற்று அவரே போய்ப் பறித்து வந்தாராம். பூண்டு வாசனை. மூன்று நாளில் முதல் தடவையாக என் நாக்குக்கு ஒரு சாப்பாடு பிடித்தது. பிடித்தது என்று வாய்விட்டும் சொன்னேன். எஸ்தர் ஸ்பூனை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

ஃபிரான்ஸ் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்சின் முள்ளை அவர் ஏன் பின்னால் சுற்றினார் என்பது எனக்கு இப்போது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி மேஜையில் ஒரு வார்த்தை பேசவில்லை. சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போடுவதில் மும்முரமாக இருந்தார். சொல்லாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன் என்று மேலே எழுதினேன் அல்லவா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் நான் டியூஷன் போக வேண்டும்.

லூகாஸ் ஒல்லியான பையன். அதுவரை வாயைத் திறக்கவில்லை. சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். ஒவ்வொரு வார்த்தையாக, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல், தமிழில் சொன்னான்.

"அங்கிள்… இன்னும்… கொஞ்சம்… சாப்பிடுங்க."

ஷீபா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். "தாம்பரத்துல பால் பாக்கெட் போடறவர்ல ஆரம்பிச்சு ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லாரும் என்னை அங்கிள்னுதான் கூப்பிடறாங்க. நீ எதுக்குப்பா அங்கிள்ங்கறே? மாமான்னு கூப்பிடு."

அவனுக்குப் புரியவில்லை. ஷீபாவுக்குப் புரிந்தது. எழுந்து வந்து பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குல்லா கண்ணை மறைத்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

"சொல்லு" என்றாள் அவனிடம்.

"மாமா" என்றான் லூகாஸ். சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல்.

"யா?" என்று சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார் ஹெல்கா.

அந்த ஊர் மொழியில் 'மாமா' என்றால் அம்மாவாம். இனி அந்த வீட்டில் அவன் அப்படிக் கூப்பிட்டால், இரண்டு பேர் திரும்பிப் பார்ப்போம்!